ரட்லண்ட் வாட்டரில் ஏழு செப்டம்பர்: எது உழைத்தது, எது கராஜில் கிடக்கிறது

ட்ரவுட் மீன் பிடிக்க முதன்முதலாகச் சாமான் வாங்கிய வருடம் என் செலவில் முக்கால்வாசி ராடுக்கே, அதாவது தூண்டில் கம்புக்கே, போனது. மீதியில் லைன், ரீல், ஃபிளைப் பெட்டி (ஃபிளை என்றால் கொக்கியில் பூச்சி, மீன் குஞ்சு மாதிரி கட்டின பொய் இரை). கடைசியாகக் கடைக்காரர் சொன்னாரே என்று 35 பவுண்டுக்கு ஒரு துணிப் பையும் வாங்கினேன். படகுக்குப் பின்னால் தண்ணீரில் விரித்துவிடும் டிரோக். ஏழு செப்டம்பர் ஆகிவிட்டது. இன்று யாராவது 'எதை முதலில் வாங்கலாம்' என்று கேட்டால் யோசிக்காமல் அந்தத் துணிப் பையைத்தான் சொல்வேன். ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் போவது லெஸ்டருக்குக் கிழக்கே இருக்கும் ரட்லண்ட் வாட்டர். க்வாஷ் என்ற சின்ன ஆற்றின் குறுக்கே எம்பிங்ஹம் கிராமத்தருகே அணை கட்டி, நீன், வெலண்ட் என்ற இரண்டு ஆறுகளிலிருந்து தண்ணீரைப் பம்ப் பண்ணி நிரப்பிய நீர்த்தேக்கம். 1977-ல் மீன்பிடிக்கத் திறந்தார்கள். பரப்பளவு 3,000 ஏக்கருக்கு மேல்; பரப்பில் இங்கிலாந்திலேயே பெரியது. நடுவில் ஹாம்பிள்டன் தீபகற்பம் நீட்டிக்கொண்டிருப்பதால் வடகரம், தென்கரம் என்று இரண்டாகப் பிரியும். சைக்கிளில் முழுசாகச் சுற்றி வந்தால் 23 மைல். ட்ரவுட் என்றால் நம்மில் பலருக்கு ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சிப் பண்ணைதான் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் நுவரெலியா. இது வேறு கணக்கு. காலையில் படகை எடுத்தால் கண்ணுக்கு எதிரே தண்ணீர், தண்ணீர், தூரத்தில் பாதி மூழ்கின மாதிரி நிற்கும் நார்மண்டன் தேவாலயம். மீன் எங்கே என்று எந்த அடையாளமும் இருக்காது.

ஆகஸ்ட் மாதம் நான் போவதே இல்லை. மேல் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் ரெயின்போ ட்ரவுட் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும். பச்சைப் பாசி வேறு. செப்டம்பர் பிறந்து இரவுகள் குளிர ஆரம்பித்ததும் 16, 17 டிகிரிக்கு இறங்கும். மீன் மேலே வரும். வரும்போது பசியோடு வரும். அந்த நேரத்தில் அதற்கு இரண்டு விருந்து காத்திருக்கும். ஒன்று, அந்த வருடம் பொரித்த ரோச், பெர்ச் மீன் குஞ்சுகள், இரண்டு அங்குல நீளத்துக்கு வளர்ந்து களைப்பாசி ஓரமாகவும் படகுத்துறைத் தூண்களைச் சுற்றியும் கூட்டமாக நிற்கும். இன்னொன்று டாடி. கொசுவை நாலு மடங்கு நீட்டி இழுத்துவிட்ட மாதிரி கால் தொங்கத் தொங்கப் பறக்கும் பூச்சி. புழுப்பருவத்தைப் புல்வெளி மண்ணுக்குள் கழித்துவிட்டு இந்த மாதம் வெளியே வரும். பறக்கத் தெரியாத பறவை மாதிரி காற்றடித்த பக்கம் போய் விழும். கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கமாகக் காற்று வீசினால் அன்றைக்கு டாடி மாதிரி கட்டின ஃபிளைதான்.

சரி, டிரோக்குக்கு வருவோம். இங்கே மோட்டாரை அணைத்துவிட்டு, படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, காற்று தள்ளுகிற திசையில் லைனை வீசுவதுதான் வழக்கம். வீசின லைனை நோக்கியே படகும் போகிறது. காற்று கொஞ்சம் பலமாக இருந்தால் நாம் லைனை இழுக்கும் வேகத்தைவிடப் படகு வேகமாகப் போய்விடும். அப்போது நம் கையில் இருப்பது தளர்ந்த நூல். மீன் கடித்தாலும் தெரியாது. ஃபிளை இறங்க வேண்டிய ஆழத்துக்கு இறங்கவும் நேரம் கிடைக்காது. முதல் இரண்டு வருடம் 'இன்னும் வேகமாக மூழ்கும் லைன் வேண்டும்' என்று நினைத்துக்கொண்டு லைன் லைனாக வாங்கினேன். கோளாறு படகின் வேகத்தில் இருந்தது. டிரோக்கை ஒழுங்காகப் போட்டால் படகு அடங்கிவிடும். சாதாரண லைனே போதும்.

ஒழுங்காக என்றால், படகின் காற்றுப் பக்க விளிம்பில், நடுவில், ஒரு இரும்பு ஜி-கிளாம்ப் மாட்டி அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். கிளாம்பை ஒரு அடி தள்ளி மாட்டினால் படகு கோணலாக நகரும். இதை முதலில் தொல்லை என்று நினைத்தேன். இப்போது கரையோரமாகவே படகை வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் வேண்டுமென்றே தள்ளி மாட்டுகிறேன். என் டிரோக்கில் வாங்கும்போது சுழலி கிடையாது. மலிவுச் சாமான், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் கயிறு முறுக்கிக்கொண்டு துணி ஈரப் புடவை பிழிந்த மாதிரி சுருண்டுவிடும். நான்கு பவுண்டுக்கு ஒரு ஸ்டீல் சுழலி வாங்கிக் கோர்த்தேன், அதோடு தீர்ந்தது. டிரோக்கை உள்ளே இழுக்க மறந்து மோட்டாரைப் போட்ட கதையும் உண்டு. கயிறு விசிறியில் சுற்றி, நடுத்தண்ணீரில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தியால் அறுத்தேன். கூட வந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

லைன்களைப் பற்றி. என்னிடம் ஐந்து இருக்கின்றன, செப்டம்பரில் வெளியே வருவது இரண்டு. மிதக்கும் லைன் டாடிக்கு. மெதுவாக மூழ்கும் இண்டர்மீடியட் மற்ற எல்லாவற்றுக்கும். டிஐ-3 என்று விற்கும் லைன் வினாடிக்கு 3 அங்குலம் இறங்கும். இருபது எண்ணினால் ஐந்து அடி. வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியத்தில் அதையும் போடுவேன். அதைவிட வேகமாக மூழ்கும் டிஐ-7 ஏழு வருடத்தில் மொத்தம் நாலு நாள் நனைந்திருக்கும். அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மிதக்கும் லைன் மூன்றாவது வருடத்திலேயே வெடித்தது. பார்த்தால் மேல்பூச்சில் மயிரிழை விரிசல், நுனி முங்க ஆரம்பித்துவிட்டது. தப்பு என்னுடையது. கொசு விரட்டி தடவின கையோடு லைனைப் பிடித்திருக்கிறேன். அதில் இருக்கும் டீட் இந்தப் பிளாஸ்டிக் பூச்சைத் தின்றுவிடும். இப்போது மருந்து தடவினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ராடைத் தொடுவது.

லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பிலும் ஒரு விஷயம். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், அதனால் இண்டர்மீடியட்டுக்குச் சரி. டாடிக்கு அதைக் கட்டினால் பூச்சியையும் கூடவே கீழே இழுத்துவிடும். அங்கே சாதாரண நைலான்தான், ஊரில் தங்கூசி என்போமே அதன் பங்காளி. டாடியை வீசிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீன் சுழன்று வாயை மூடும். உடனே ராடைத் தூக்கினால் வெறும் கொக்கிதான் வரும். 'முருகா' என்று நிதானமாகச் சொல்லி முடித்துத் தூக்கினால் மாட்டியிருக்கும். வெள்ளைக்காரப் பெரியவருக்கும் கற்றுக்கொடுத்தேன். அவர் 'முர்கா' என்று சீக்கிரம் முடித்துவிடுகிறார், மீனும் போய்விடுகிறது.

மீன் குஞ்சு வேட்டை மட்டும் தனி. போன செப்டம்பர் கடைசியில், காற்றே இல்லாத ஒரு காலை, களைப்பாசி ஓரம் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று குஞ்சுகள் ஒரு கைப்பிடி சில்லறையை இறைத்த மாதிரி தண்ணீருக்கு மேலே துள்ளின. கீழே ஒரு பழுப்பு முதுகு புரண்டது. அடித்துவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அடிபட்டு மயங்கிய இரண்டு மூன்று குஞ்சுகள் வயிறு தெரியப் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன. அரை நிமிடம் கழித்து அந்த முதுகு மெதுவாகத் திரும்பி வந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், வாயில் போட்டுக்கொண்டது. அதற்குத்தான் நுரையில் செய்த மிதக்கும் குஞ்சு ஃபிளை. அதை இழுக்கக் கூடாது. செத்த மாதிரிக் கிடக்கவிட வேண்டும். நாற்பது நிமிடம் கிடந்தது. வந்தது, நாலு பவுண்டு எடையில் ஒரு பிரவுன் ட்ரவுட். பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம்.

ராடு 10 அடி, 7-ஆம் எண் (எந்த எடை லைனுக்கு என்று சொல்லும் எண்). வேலைக்குக் குறை சொல்ல மாட்டேன்; உட்கார்ந்தபடி வீச இந்த நீளம் வேண்டும். ஆனால் நாலாவது வருடம் குறுக்குக் காற்றில் உலோக மணி கட்டின ஃபிளை நுனியில் பட்டென்று அடித்தது. கண்ணுக்குத் தெரியாத காயம். இரண்டு வாரம் கழித்து ஒரு சின்ன மீனுக்கே முறிந்தது. வாழ்நாள் உத்தரவாதம் என்று விற்ற கம்பெனி (பெயர் வேண்டாம்) கட்டணம் வாங்கிக்கொண்டு, பதினோரு வாரம் கழித்து நுனியை அனுப்பியது. அந்த செப்டம்பர் இரவல் ராடில் ஓடியது. வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

வீடு திரும்பியதும் வலை, டிரோக், பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவிக் காயப்போட வேண்டும். 2010 செப்டம்பரில் இங்கிருந்து தெற்கே கிராஃபம் வாட்டரில் 'கொலைகார இறால்' என்ற அந்நிய உயிரினத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து இது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. ஈரத் துணி மடிப்பில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜந்து அது. டிரோக் மாதிரி அதற்கு வசதியான வீடு கிடையாது. அதனால்தான் கராஜில் எப்போதும் குளத்து வாசனை.

அப்புறம் சமையல். பாசி மிகுந்த வருடங்களில் மீனில் ஒரு மண்வாடை இருக்கும். புளிக்குழம்பில் போட்டால் குழம்பையும் கெடுக்கும். மிளகாய்த்தூள், எலுமிச்சை, அரிசிமாவு தடவி முறுகப் பொரித்துவிடுவது உத்தமம்.

இந்த வருடம் எடுத்துப் பார்த்தால் டிரோக்கின் ஒரு மூலையில் தையல் விட்டிருக்கிறது. புதிது வாங்கலாமே என்றாள் மனைவி. டிஐ-7 லைன் ஞாபகம் வந்தது. பேசாமல் சாக்கு ஊசியும் மிச்ச நைலானும் எடுத்துத் தைத்துவிட்டேன். படகு வெள்ளிக்கிழமைக்குப் பதிவாகியிருக்கிறது, தென்மேற்குக் காற்றாம்.