எலி மருந்துக் கட்டி: ஆறு வருட அனுபவம்

தீவன மூட்டை அடுக்கும் கொட்டகையில் ஆறு வருடமாக புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டிதான் வைக்கிறேன், அதில் மருந்து 0.005 சதவீதம். அதற்கு முன் ஜிங்க் பாஸ்பைடு வைத்தேன். முதல் ராத்திரி நாலைந்து எலி சாகும். அரைகுறையாகத் தின்று பிழைத்தது அப்புறம் அந்தப் பக்கமே வராது. கட்டியில் அந்தத் தொல்லை இல்லை. ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே உடம்பில் திரும்பப் பயன்படுவதை இது தடுக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள் தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஏழு நாளில் உள்ளே ரத்தம் கசிந்து சாகும்.

மறுநாள் எலி சாகவில்லையே என்று கூடுதலாக வைக்காதீர்கள். நான் முதலில் அந்தத் தவறைத்தான் செய்தேன். கட்டியின் ஓரத்தில் உளியால் சீவியது போலப் பல் தடமும், புழுக்கையில் கட்டியின் அதே நீலமும் தெரிந்தால் போதும், மருந்து உள்ளே போயிருக்கிறது.

ஆபத்தும் அந்தத் தாமதத்தில்தான். மருந்து தின்ற எலி பல நாள் திரிகிறது, கடைசியில் பட்டப்பகலில் தள்ளாடி வெளியே வருகிறது. ஆந்தையும் பூனையும் அதைத் தூக்கினால் விஷமும் சேர்ந்தே போகும். இரண்டாம் வருடம் எங்கள் நாய் சுருண்டு படுத்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு காகிதமாக வெளுத்திருந்தது. எப்போது தின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. மருத்துவர் வைட்டமின் கே1 ஊசி போட்டு, நாலு வாரம் மாத்திரை கொடுக்கச் சொன்னார். பிழைத்தது.

ஏன் நாலு வாரம்? 1948இல் எலி மருந்தாக வந்த வார்ஃபரின் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் வந்த பிறகு உருவானவை புரோமடியோலோன் போன்றவை; இவை கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். அதனால் நாய் தின்றதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்து உறையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். வைட்டமின் கே3 மாத்திரை இதற்கு உதவாது.

இப்போது பூட்டுள்ள பெட்டிக்குள் கம்பியில் கோத்துத்தான் வைக்கிறேன். தினமும் கையுறை போட்டுச் செத்த எலியைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்கிறேன். கடிப்பது நின்றதும் மிச்சக் கட்டியை எண்ணி எடுத்துவிடுவேன். சுவர் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடைத்து, மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிய பிறகு, போன வருடம் இரண்டு தடவைதான் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது.