மேக்ரோ போட்டுத் தருகிறேன் என்று வந்தவனிடம் 4,500 ரூபாய் விட்டேன்

டிடிபி கடை வைத்திருப்பவர்களும், கோர்ட் பக்கம் டைப் அடித்துப் பிழைப்பவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். வயிறு எரிந்து எழுதுகிறேன். முழுசாக 4,500 ரூபாய்.

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னக் கடை என்னுடையது. வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், அஃபிடவிட் என்று தினமும் ஓடும். பதினொரு வருஷமாக பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில்தான் அடிக்கிறேன்; இங்கிலீஷ் எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் ஃபாண்ட் அது. ஆனால் இப்போது வக்கீல்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். பாமினியில் அடித்ததை அப்படியே அனுப்பினால் அவர்கள் போனில் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிரிண்டர் சர்வீஸுக்கு வரும் கடைப் பையன் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, வேர்டுக்குள்ளயே ஒரு மேக்ரோ போட்டுடறேன். ஒரு பட்டனைத் தட்டினா மொத்த ஃபைலும் மாறிடும். காட்பாடியில நாலு கடைக்குப் போட்டிருக்கேன்."

மேக்ரோ என்றால் பல வேலைகளை ஒரே தட்டில் செய்ய வேர்டுக்குள் எழுதி வைக்கும் சின்னப் புரோகிராம். மறுநாளே பென்டிரைவோடு வந்தான். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேலை முடியட்டும் அக்கா என்று மறுத்துவிட்டான். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. "வணக்கம் தமிழகம்" என்று பாமினியில் அடித்து, பட்டனைத் தட்டினான். கண் இமைப்பதற்குள் சுத்தமான யூனிகோடில் வந்து நின்றது. கல்லாவைத் திறந்து 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

சாயந்திரம் குடியாத்தம் பார்ட்டி ஒருவருடைய கிரய ஒப்பந்தத்தை மாற்றி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். "என்னம்மா, எங்க ஊரைக் கடியாத்தம்னு போட்டிருக்கீங்க?" பார்த்தால் முருகன் மரகன் ஆகியிருக்கிறார், குமார் கமார். எல்லை விவரத்தில் மேற்கே என்பது மெற்கெ.

பாமினி தெரிந்தவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எஃப் கீயைச் சும்மா அழுத்தினால் க, ஷிஃப்டோடு அழுத்தினால் கு. இங்கிலீஷ் சின்ன 'n' ஒற்றைக்கொம்பு, பெரிய 'N' இரட்டைக்கொம்பு. மேக்ரோ தேடி மாற்றும்போது சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்கச் சொல்லவேண்டும். அவன் சொல்லவில்லை. அதனால் கு எல்லாம் க, மு எல்லாம் ம. "வணக்கம் தமிழகம்" இருக்கிறதே, அதில் ஷிஃப்ட் அழுத்தும் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது! தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

போன் பண்ணினேன். முதல் நாள், "உங்க வேர்டு பழசுக்கா." அடுத்த நாள், "வண்டி ஓட்டிட்டிருக்கேன்." அப்புறம், "ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை வந்திருக்கேன், வந்து பாக்கறேன்." கிருத்திகை முடிந்து பத்து நாள் ஆகிறது. கடைக்கே நேரில் போனேன். முதலாளி முகத்தைக்கூடத் தூக்கவில்லை: "அது பையனோட சொந்த வேலைம்மா. எங்க கடை பில்லு இருக்கா?" என் 4,500 ரூபாய்க்கு அங்கே கணக்கே இல்லை.

சரி, நாமே திருத்துவோம் என்று மேக்ரோவின் உள்ளே போக ஆல்ட் எஃப்11 தட்டினால் பாஸ்வேர்டு கேட்கிறது. பூட்டி வைத்திருக்கிறான்.

இதைவிடப் பெரிய கொடுமை வேறு. மேக்ரோவைத் தனி ஃபைலாக வேர்டின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்திருக்கலாம். அவன் வேர்டு தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் என் நார்மல் டாட்எம் ஃபைலையே எடுத்துவிட்டு, தன்னுடையதை அதன் இடத்தில் போட்டிருக்கிறான். நான் வருஷக்கணக்காகச் சேர்த்த ஆட்டோடெக்ஸ்ட் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. "கிப" என்று அடித்து எஃப்3 தட்டினால் கிரயப் பத்திரத்தின் முதல் பத்தி முழுசாக வந்து விழும். இப்போது "கிப" என்று மட்டும் நிற்கிறது. காப்பி எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

போகிற போக்கில், வேர்டின் பாதுகாப்பு செட்டிங் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் எல்லா மேக்ரோவும் ஓடலாம் என்று வேறு மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். 1999-ல் மெலிசா வைரஸ் உலகம் பூராவும் பரவியது இந்த வேர்டு மேக்ரோ வழியாகத்தான். யார் யாரோ பென்டிரைவ் செருகும் கடை என்னுடையது!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், வெளியே ஆள் நிற்கிறார். சுருக்கமாக: மேக்ரோ போட வருபவர்களிடம் உங்கள் பழைய பத்திரம் ஒன்றைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் அடிக்கும் மாதிரி வேண்டாம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய மேக்ரோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிரஸ்ட் சென்டரைத் தொட விடாதீர்கள். நார்மல் டாட்எம்மை இன்றைக்கே பென்டிரைவில் காப்பி எடுங்கள். ரசீது வாங்குங்கள்.

4,500 ரூபாய். ஒரு பக்கம் அடிக்க எனக்கு முப்பது ரூபாய் கிடைக்கிறது, நூற்றைம்பது பக்கம் அடிக்கவேண்டும்.