ஹிக்கின்பாதம்ஸ்: புத்தகங்களுக்கென்றே எழுந்த கட்டடம்

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தியாவில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழைய புத்தகக் கடை என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெருமை கடைக்கு உரியது. கட்டடத்துக்கு உரிய பெருமை வேறு. கடை தொடங்கிய ஆண்டு 1844. இப்போது நாம் காணும் வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது 1904இல். சென்னையில் 60 ஆண்டுகள் புத்தகம் விற்றுப் பழகியவர்கள் தங்கள் தொழிலுக்காக எழுப்பிக்கொண்ட இடம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், அதன் உருவமைப்புக்குக் காரணம் விளங்கத் தொடங்கும்.

முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை அவ்வளவு உயரத்தில் இருப்பது வெறும் பகட்டுக்காக அன்று. கடற்காற்றின் ஈரம், கரையான், இராமபாணப் பூச்சி ஆகிய மூன்றும் இந்த ஊரில் புத்தகத்துக்குப் பரம்பரைப் பகை. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் தாள்களைக் காப்பாற்றக் கைகொடுத்தவை தடையின்றி உலவும் காற்றும், வெப்பம் மேலேறிப்போக இடம்தரும் உயரமும்தான். வண்ணக் கண்ணாடிகளின் வழியே வரும் வெளிச்சமும் அட்டைகளை வெளுக்கச் செய்யும் நேர்வெயிலாக விழாமல் தணிந்தே இறங்குகிறது. அழகுக்காக வைத்தார்களா, பயன் கருதி வைத்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத இந்த இணக்கமே கட்டடத்தின் முதன்மைச் சிறப்பு என்பது என் கருத்து.

கடையை நிறுவியவர் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். பயணச்சீட்டு இல்லாமல் கப்பலில் ஒளிந்து வந்து சென்னையில் இறக்கிவிடப்பட்டவர் என்றொரு கதை அவரைப் பற்றி வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், கிறித்தவ மிஷனரிகள் நடத்திவந்த வெஸ்லியன் புத்தகக் கடையில் பணியாற்றிய அவர், அக்கடை நலிந்து விலைக்கு வந்தபோது அதைத் தாமே வாங்கித் தம் பெயரில் நடத்தினார் என்பது பதிவான செய்தி. 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவருக்குரிய அதிகாரபூர்வப் புத்தக விற்பனையாளர் என்ற தகுதி கடைக்குக் கிடைத்தது. 1888இல் நிறுவனர் சென்னையின் ஷெரீஃப் என்ற கௌரவப் பதவியை ஏற்றார். 1891இல் அவர் மறைந்துவிட்டதால், இன்றைய கட்டடம் அவர் பார்க்காத கட்டடம். மகனின் காலத்தில் வணிகம் விரிந்தது. பெங்களூருக் கிளையும் தென்னிந்திய ரயில் நிலையங்களின் புத்தகக் கடைகளும் பெயரை ஊரூராகக் கொண்டுசென்றன. மவுண்ட் ரோடு என்று அன்று வழங்கிய அண்ணா சாலையைக் கண்ணாலும் காணாத சிற்றூர்க்காரர்கள்கூட ரயில் புறப்படுமுன் அவசரமாக ஒரு வார இதழ் வாங்கிய கையோடு இந்தப் பெயரை அறிந்திருந்தார்கள். உடைமை 1925இல் ஸ்பென்சர் நிறுவனத்தாரிடமும், 1940களில் அமால்கமேஷன்ஸ் குழுமத்திடமும் சென்றது. கை மாறினாலும் தொழில் மாறவில்லை.

இது எவ்வளவு அரிது என்பதை உணர, அதே சாலையில் சற்று நடந்தால் போதும். 1890களில், இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ சாரசனிக் பாணியில் எழுந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து, அங்கே இப்போது வணிக வளாகம் நிற்கிறது. மருந்து வணிகர் ஒருவர் 1897இல் கட்டிய, பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் எனப் பெயர்பெற்ற சிவப்பு மாளிகையை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால் அது பிழைத்திருக்கிறதே தவிர, பயன்பாடின்றி நின்றபடியே சிதைந்துவருவதைப் பார்க்கும்போது, சட்டம் சுவரைக் காக்கலாம், சுவருக்குள் நடக்கும் வாழ்க்கைக்கு அது பொறுப்பேற்காது என்று தோன்றுகிறது. நகரின் வேறொரு பகுதியில், பழைய வணிக இல்லம் ஒன்றில் இயங்கும் துணிக்கடைக்குச் சென்றிருந்தேன். முகப்பைத் தகர விளம்பரப் பலகை முழுதாக மூடியிருந்தது, உள்ளே பொய்க்கூரை. மேலே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சார், பழைய உத்தரம்தான்” என்றார் பணியாளர். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

ஹிக்கின்பாதம்ஸில் அப்படி எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. தமிழ் நூல்கள், ஆங்கிலப் புனைகதைகள், சிறுவர் புத்தகங்கள், போட்டித் தேர்வுக்கான பாடநூல்கள், எழுதுபொருள்கள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இணைய விற்பனையின் தள்ளுபடியை எதிர்பார்த்து இங்கே வருவதில் பொருளில்லை. குறிப்பிட்ட ஒரு நூலுக்காக மட்டுமே வருகிறவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாங்குவது எளிது. எதை வாங்குவதென்று முடிவு செய்யாமல் ஒரு மணி நேரம் நின்று புரட்ட விரும்புகிறவர்களுக்கும், நூறாண்டைக் கடந்த ஒரு கடையின் கல்லாவில் காசு கொடுத்துவிட்டு வெளிவரும் நிறைவை மதிக்கிறவர்களுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிள்ளைகளோடு செல்வது இன்னும் நல்லது. நூல்களைவிட முதலில் அவர்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள்.

எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். வண்டி நெரிசலில் முகப்பை முழுதாகக் காண்பது கடினம் என்பதால், விடுமுறை நாளொன்றின் காலையில், சாலை ஓய்ந்திருக்கும் நேரத்தில், எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். புத்தகம் வாங்க வேறொரு நாள், வேலை நாளின் முற்பகலில் வரலாம்.