திருகோணமலைக் கடற்கரையில் எங்கே தங்குவது: 2024 கோடைப் பயண அனுபவம்

நோர்வேயில் பள்ளிகள் மூடியிருக்கும் கோடை வாரங்களும் இலங்கையின் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது ஈரமற்ற வெக்கைக் காற்றாகிவிடுகிறது. அதைத்தான் ஊரில் கச்சான் என்கிறோம். மேற்குக் கரையில் குளிக்க முடியாதபடி அலை எழும் அந்த நாட்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் குளத்தைப் போலக் கிடப்பதால், வெளிநாட்டுப் பயணிகளும், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான்களில் வரும் குடும்பங்களும், எங்களைப் போலப் புலம்பெயர்ந்து வாழ்பவர்களும் ஒரே நேரத்தில் திருகோணமலையில் வந்து இறங்குகிறார்கள். ஆகவே அங்கே தங்குமிடம் தேடுவது மற்ற மாதங்களில் தேடுவதைப் போன்றதன்று.

நான் பிறந்தது திருகோணமலை நகரில். 2024 ஜூலையில் கணவர், இரண்டு பிள்ளைகள், ஒஸ்லோவில் எங்களோடு வாழும் அம்மா ஆகியோருடன் பத்து நாட்கள் அங்கே தங்கினேன். அம்மாவுக்கு 76 வயது. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகளுக்கோ கடலைத் தவிர வேறு நினைப்பில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் எந்த இடத்தைத் தேர்வது என்பதில் நான் முதலில் தவறினேன், பிறகு திருத்திக்கொண்டேன். அடுத்த கோடைக்கு அறை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தவறு பயன்படும் என்று நம்புகிறேன்.

கரையை வடக்கு நோக்கிப் பார்த்தால், முதலில் கோட்டையும் கோணேசர் கோயிலும் கடைத்தெருவும் உள்ள நகரம். அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றரில் உப்புவெளி. பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. படங்களில் மிக அழகாகத் தெரிவது நிலாவெளிதான். நேரில் பார்த்தாலும் அந்த அகன்ற வெள்ளை மணலுக்கு ஈடில்லை. ஆகவே கணவரும் நானும் இணையத்தில் நிலாவெளியில் கடலை ஒட்டிய ஒரு விடுதியை ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தோம். படுக்கையிலிருந்தே கடல் தெரியும் என்ற ஒரு வரியில் மனம் விழுந்துவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் மாலை குளித்துவிட்டு வந்த மகள் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றாள். மறுநாள் காலை அம்மா அறையிலிருந்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தேநீர் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை, தேத்தண்ணிக்குள்ள ஆரும் உப்புப் போட்டவையோ?" என்று கேட்டார். கரையோர மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மழையில்லாத மாதங்களில், எல்லா அறைகளும் நிறைந்திருக்கையில், கிணற்றிலிருந்து மோட்டர் ஓயாமல் இறைத்தால் நன்னீர் வற்றி அடியிலிருந்து கடல்நீர் ஏறிவிடுகிறது. கடலுக்கு அருகில் போகப் போக இது கூடும். விடுதிக்காரர்கள் குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து பேர் குளிக்கவும் துணி அலசவும் அந்த உவர்நீர்தான் கிடைத்தது, இரண்டாம் நாளே அம்மாவின் கால்களில் தோல் வறண்டு வெடிக்கத் தொடங்கியது. நீரிழிவு உள்ளவருக்குக் காலில் வெடிப்பு என்றால் அது சிறிய விடயமில்லை.

அத்துடன் அது போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, வந்த வார இறுதி. பக்கத்து விடுதியின் முற்றத்தில் நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி ஓடியது. இரண்டு முறை மின்சாரம் நின்றபோது மின்பிறப்பாக்கி முற்றத்து விளக்குகளுக்கு மட்டும் மின் கொடுத்தது, அறைகளின் குளிரூட்டிகளுக்குக் கொடுக்கவில்லை. முகாமையாளர் பணிவாகவே பேசினார். ஆனால் இரவு பத்து மணிக்குப் பின் பொறுப்பாக எவரும் அங்கே இருப்பதில்லை. அம்மாவுக்கு இரவில் ஏதாவது ஆனால் மாவட்டப் பொது வைத்தியசாலை நகரில் இருக்கிறது, அந்தப் பதினைந்து கிலோமீற்றருக்கு வாகனம் பிடிக்க யாரை எழுப்புவது என்ற கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மூன்றாம் நாள் காலை, முன்பணத்தில் ஒரு பகுதியை இழந்து, அங்கிருந்து வெளியேறினோம்.

நகரிலுள்ள மாமி இதற்காகவே காத்திருந்தவரைப் போல வீட்டுக்கு வரச் சொன்னார். நாங்கள் வந்திறங்கிய நாளிலிருந்தே அவருக்கு மனத்தாங்கல்: "வீடு இருக்க விடுதியிலயோ தங்கப் போறியள்? சனம் என்ன சொல்லும்?" அவருடைய வீட்டில் இரண்டே அறைகள், அதில் ஐந்து பேர் பத்து நாட்கள் தங்கினால், அன்பினால் எதையும் மறுக்காத ஒருவரை விடியற்காலை முதல் அடுப்படியில் நிற்க வைப்பதாகும். புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் போகும்போது தங்குமிடத் தேர்வில் இந்த உறவுக் கணக்கு எப்போதும் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுதி தேடுவது சரியாகாது. இறுதியில், இரவு உப்புவெளியில், மதியச் சாப்பாடு மாமி வீட்டில் என்று முடிவானது. நிலாவெளியில் இருந்திருந்தால் அது நடந்திராது. முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத் தூரம் என்பதால்தான் நடந்தது.

உப்புவெளியில் நாங்கள் எடுத்தது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒழுங்கையில் உள்ள ஒரு வீட்டின் கீழ்த்தளம். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மேல்மாடியில் அவரும் மகனும் வசிக்கிறார்கள். இம்முறை கேள்விகளை முன்கூட்டியே கேட்டேன். "ரீச்சர், குளிக்கிற தண்ணி கிணத்துத் தண்ணியோ?" என்றதும் அவர் பதில் சொல்லாமல் முற்றத்துக் குழாயைத் திறந்து ஒரு குவளையில் பிடித்து என் கையில் தந்தார். "குடிச்சுப் பாருங்கோ பிள்ளை, நீர் வழங்கல் சபையின்ர தண்ணி" என்றார். குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. படியில்லாத வாசல், கீழ்த்தளத்திலேயே குளியலறை, இரவில் தட்டினால் எழும்பக்கூடிய மனிதர்கள், இவை மூன்றும் அங்கே இருந்தன. சன்னலைத் திறந்தால் தெரிவது கடல் அன்று, அயல்வீட்டு முருங்கை. பிள்ளைகள் அதைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. நான்கு நிமிடம் நடந்தால் கடல். விடியற்காலையில் அங்கே கரைவலை இழுப்பார்கள். மகன் மூன்று நாட்கள் அவர்களோடு கயிற்றைப் பிடித்து நின்று, உள்ளங்கை சிவந்து, மணலோடு வீடு வந்தான்.

கட்டணத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல விடுதிகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு டொலரிலும் உள்ளூரவருக்கு ரூபாயிலும் விலை சொல்கின்றன, இரண்டும் சமமல்ல. தமிழில் பேசுவதால் விலை மாறுவதில்லை, வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டைத்தான் கேட்கிறார்கள். உறவினர் பெயரில் பதிவு செய்து குறைந்த விலை பெறலாம் என்று சிலர் சொல்வார்கள். வாசலில் வைத்து வித்தியாசத்தைக் கட்டச் சொன்னால் கூட வந்த உறவினருக்குத்தான் சங்கடம் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. சிறிய வீட்டு விடுதிகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே விலைதான், எங்கள் ரீச்சரும் அப்படியே வாங்கினார்.

2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாமலைத் தீவிலும் இதே வேறுபாடு உண்டு: நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்குப் பல மடங்கு, அதற்கு மேல் படகுக் கூலி தனி. தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருப்பதால், அதற்காகவே நிலாவெளியில் தங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலைப் பொழுதுக்கு உப்புவெளியிலிருந்து போய்வரலாம். வார நாளில், கூட்டம் சேருமுன், முதல் படகுகளில் போவது நல்லது. துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களை முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே மகள் கண்டாள். அதே தண்ணீரில் ஆட்கள் பவளப்பாறைகளின் மேல் ஏறி நின்று படமெடுப்பதையும் கண்டோம், அது மனதை மிகவும் வருத்தியது. ஒரு கால் வைப்பில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

வந்துபோகும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வான் பிடித்தால் பகலில் பயணம் செய்யுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். திரும்பும்போது நாங்கள் இரவுப் புகையிரதத்தில் வந்தோம், படுக்கை உள்ள இடங்கள் குறைவு என்பதால் அவற்றை முதலிலேயே பதிந்துவிட வேண்டும்.

சிறு பிள்ளைகள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள, நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத பாசிக்குடாக் கடலை நான் மறுக்கமாட்டேன். உறவினர் எவரும் ஊரில் இல்லாத இளம் இணையருக்கு நிலாவெளியின் தனிமை பொருந்தும், தண்ணீரைச் சுவைத்துப் பார்த்த பின் முன்பணம் கொடுத்தால் சரி. கோணேசர் கோயிலுக்கு மாலைப் பூசைக்குப் போக வேண்டும், மருந்துக் கடை அருகில் இருக்க வேண்டும், மாமி வீட்டில் மதியம் சாப்பிட வேண்டும் என்றால் உப்புவெளியின் உள் ஒழுங்கைகளைத் தேடுங்கள். ஜூலை, ஓகஸ்டுக்கான கீழ்த்தள அறைகள் சித்திரை மாதத்துக்குள் போய்விடுகின்றன என்று ரீச்சர் சொன்னார். புறப்படும் நாளன்றே அடுத்த கோடைக்கு அதே அறையை அவருடைய கொப்பியில் எங்கள் பெயருக்கு எழுத வைத்துவிட்டு வந்தேன்.