ரீச் ஸ்டாக்கர்: வடசென்னை யார்டு வேலையில் எது தாங்கும், எது முதலில் போகும்

கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கரை வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "45 டன் தூக்குமா?" என்றுதான். தூக்கும், ஆனால் வண்டிக்கு முன்னால் உள்ள முதல் வரிசைப் பெட்டியில் மட்டும். அதாவது பெட்டியின் மையம் முன் டயரிலிருந்து சுமார் 2 மீட்டருக்குள் இருக்கும்போது. பூமை, அதாவது தூக்கும் நீள்கையை, நீட்டி இரண்டாம் வரிசைக்குப் போனால் பெரும்பாலான மாடல்களில் 30 டன்னை ஒட்டி இறங்கிவிடும். மூன்றாம் வரிசையில் ஏறக்குறைய அதில் பாதிதான். முழுச் சரக்கேற்றிய 20 அடிப் பெட்டியே 30.48 டன் வரை வரலாம். மணலி, மாதவரம் பக்கம் இடநெருக்கடியில் இயங்கும் யார்டுக்கு இரண்டாம் வரிசை எண்தான் முக்கியம். விலை பேசும் முன் லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையில்) அதைப் பாருங்கள்.

வெறும் வண்டியே 70 டன்னை ஒட்டி இருக்கும். முழுச் சுமையோடு முன் ஆக்ஸிலில் மட்டும் 100 டன்னுக்கு மேல் இறங்கும். அதனால்தான் கடைசிக்கட்ட கியர் குறைப்பைச் சக்கர ஹப்புக்குள்ளேயே வைக்கிறார்கள். நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் முழு முறுக்குவிசையைச் சுமக்க வேண்டியதில்லை. பிரேக் எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் வகை. நிமிடத்துக்கு நிமிடம் முன்னும் பின்னும் போய் நிற்கும் வேலைக்கு இதுதான் சரி. ஆனால் அந்த எண்ணெய் குளிர்ந்தால்தான் பிரேக் நிலைக்கும். மே மாத வெயிலில் டெம்பரேச்சர் அலாரம் அடித்தால் பிரேக்கைக் கழற்றுவதற்கு முன் கூலரையும் ஃபில்டரையும் பாருங்கள். தூசி அடைத்த கூலரைக் காற்று போகும் திசைக்கு எதிராக ஊத வேண்டும். அதிக அழுத்தத் தண்ணீரைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி, அடைப்பு இன்னும் மோசமாகும்.

அதிகம் பழுதாவது ஸ்ப்ரெடர், அதாவது பூம் முனையில் பெட்டியைப் பிடிக்கும் சட்டம். நான்கு மூலையும் பெட்டியில் சரியாக உட்கார்ந்த பிறகே ட்விஸ்ட் லாக் (பெட்டியின் மூலைத் துளைக்குள் திரும்பிப் பூட்டும் கொக்கி) 90 டிகிரி திரும்ப வேண்டும். அதைச் சொல்வது மூலையிலுள்ள சிறிய சென்சார்கள். கிரீஸும் மண்ணும் ஒட்டினாலோ, பிராக்கெட் வளைந்தாலோ சிக்னல் வராது. உடனே சென்சாரைப் பொருட்படுத்தாமல் தூக்க விடும் பைபாஸ் சாவியைத் திருப்பி வேலையை ஓட்டும் பழக்கம் பல யார்டுகளில் இருக்கிறது. ஒரு மூலை பூட்டாமல் தூக்கினால் மீதி மூன்று லாக்கும் சுமையை வாங்கும், பெட்டியும் சாயும். பைபாஸ் சாவி ஆபரேட்டர் கையில் இருக்கவே கூடாது, சூப்பர்வைசரிடம் இருக்கட்டும். டிரெய்லரின் லாக்கைத் திறக்காமல் தூக்கினாலும் ஆபத்துதான்: பெட்டியோடு டிரெய்லரும் எழும். முதல் ஒரு சாண் மெதுவாகத் தூக்கி நிறுத்தி, நான்கு மூலையும் விடுபட்டதா என்று கீழே நிற்பவர் கைகாட்டிய பிறகே மேலே போக வேண்டும். ட்விஸ்ட் லாக்கில் விரிசல் கழுத்துப் பகுதியில் தொடங்கும், கண்ணுக்குத் தெரியாது. கழற்றிச் சுத்தம் செய்து, விரிசலுக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்தால்தான் தெரியும். விரிசல் கண்டதை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

பூமுக்குள் இருக்கும் வியர் பேட் (பூம் வழுக்கி நீள உதவும் தேய்மானத் தகடு) தேய்ந்தால் நீட்டும்போது வண்டி உதறும். பழைய கிரீஸைத் துடைக்காமல் மேலே புதிதாகப் பூசுவது வீண். மண் கலந்த கிரீஸ் உப்புத்தாள் போல பேடைத் தின்னும்.

எண்ணூர் கடற்காற்றின் உப்பு முதலில் பிடிப்பது பூம் முனையிலிருந்து ஸ்ப்ரெடருக்குப் போகும் கேபிள் கனெக்டர்களை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து, பச்சை பூத்த பின்களை மாற்றி, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுங்கள். யார்டில் ஹப் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தால், வடிந்ததும் சாவி போடாதீர்கள். ஆக்ஸில் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. முழுவதும் வடித்து, ஃபில்டர் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிய பிறகே ஓட்டலாம்.

டயர் அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். பொதுவான 18.00-25 அளவுக்கு 10 பார் வரை இருக்கும். சரியான எண் வண்டியின் பிளேட்டில் உண்டு. மதியச் சூட்டில் ஏறிய காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் டயர் குறைகாற்றில் ஓடும். முன்பக்க இரட்டை டயர்களில் உள் டயரைக் கட்டாயம் பாருங்கள். அது இறங்கினால் வெளி டயர் இரட்டைச் சுமை வாங்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.