பழைய அம்பாசடருக்கு 'டூ ஸ்பீடு வைப்பர் கிட்' போட்டுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா உஷாரு (சேலம்)

சேலத்துல பழைய வண்டி வச்சிருக்கவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிச்சிருங்க, பெருசாத்தான் போகும். கடை பேரு போடல. பைபாஸ் பக்கம்னு மட்டும் சொல்லிக்கிறேன், அதுக்கு மேல கேக்காதீங்க.

என்கிட்ட இருக்கிறது 1966 மாடல் மார்க் 2 அம்பாசடர். செவ்வாய்ப்பேட்டையில மண்டி வச்சிருந்த காலத்துல தாத்தா வாங்கினது, அப்புறம் அப்பா ஓட்டினாரு, இப்ப நான். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்சி ரினியூவல் பண்ணணும்ல, அதுக்கு வண்டியக் கொண்டுபோய்க் காட்டணும், வைப்பர் ஓடலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க. என் வைப்பரு ஓடும், ஆனா எருமை தண்ணியில இருந்து எந்திரிக்கிற வேகம். பாதி கண்ணாடியில போயி நின்னு யோசிச்சுட்டு திரும்பும். முன்னாடியெல்லாம் குகை ஏரியாவுல ஒரு பெரியவர்தான் நம்ம வண்டிக்கு எலக்ட்ரீசியன், அவருக்கு கண்ணு ஆபரேஷன் ஆகி கடை பூட்டிக் கிடந்துச்சு, அந்த நேரம் பாத்து ஒருத்தன் இந்தக் கடையச் சொல்ல நானும் போயிட்டேன். என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்.

கடைக்காரன் பானெட்டைத் தூக்கிப் பாத்தான், ரெண்டே நிமிஷம். "அண்ணா இது லூகாஸ் காலத்து மோட்டரு, ஒரே ஸ்பீடு, இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸே வர்றதில்லீங்ணா. புது கிட் இருக்கு, டூ ஸ்பீடு, ஹெவி டூட்டி, போட்டா பத்து வருஷத்துக்கு திரும்பிப் பாக்க வேண்டாம்"ன்னான். லூகாஸ்ங்கிறது அந்தக் கால வண்டிக்கு எலக்ட்ரிக்கல் சாமான் செஞ்ச கம்பெனி. எவ்வளவுன்னேன். 9,500. ஏற்காடு போறவங்களுக்கு இது இல்லாம முடியாதுங்ணான்னு ஒரு பிட்டு வேற. நான் மாசம் ஒரு தடவ மலை ஏறுவேன்னு பேச்சுவாக்குல உளறி வச்சிருந்தேன், அதைப் பிடிச்சுக்கிட்டான். ஜிபேயில 4,000 அட்வான்ஸ், மிச்சம் கையில கேஷா. பில்லுக்கு ஒரு துண்டுச்சீட்டு, அதுல கடை பேரும் இல்ல ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, 'வைப்பர் வேலை' அவ்வளவுதான்.

மூணு நாள் கழிச்சு வண்டி எடுக்கப் போனா நல்ல வெயிலு. ஸ்விட்ச்சைப் போட்டுக் காட்டுறான், ஒரே ஒரு தடவ விர்ருன்னு போயிட்டு வந்துச்சு, உடனே ஆஃப் பண்ணிட்டான். "காஞ்ச கண்ணாடியில ஓட்டினா கோடு விழுந்துரும்ணா"ன்னான். அது உண்மையான பேச்சுதானே, அதனால நானும் தலையாட்டிட்டேன். ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாத்திருந்தா அங்கயே குட்டு உடைஞ்சிருக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமையே வீட்டுக்காரம்மாவையும் எங்க மாமாவையும் கூட்டிக்கிட்டு ஏற்காடு கிளம்பினோம், சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பு. கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் வெயிலு, மேல ஏற ஏற மேகம் இறங்குது. அந்த ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஒம்பதாவது வளைவு தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. வைப்பரைப் போட்டேன். முதல் வீச்சுலயே டிரைவர் சைடு பிளேடு போயி கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்குல டப்புன்னு அடிக்குது, திரும்பி வரும்போது ரெண்டு கையும் நடுவுல ஒன்னுக்கொன்னு முட்டிக்குது. பிளேடு பழசை விட நாலு இன்ச்சு நீளம்! பெருசா போட்டா பெருசா துடைக்கும்னு நினைச்சான் போல. சரி மெதுவா ஓடட்டும்னு அடுத்த ஸ்பீடு பாத்தா, அடுத்த ஸ்பீடே இல்ல. ஆஃப் பண்ணினா கீழ வந்து படுக்கவும் இல்ல, கண்ணாடி நடுவுல என் மூஞ்சிக்கு நேரா குச்சி மாதிரி நிக்குது. டேஷ்போர்டு அடியில இருந்து தண்ணி சொட்டி மாமா வேட்டி நனைஞ்சு போச்சு, அவரு அப்பவும் ஒன்னும் சொல்லல, நல்ல மனுஷன்.

பதினாலாவது வளைவுல ரப்பர் கருகுற வாசம். அடுத்த வளைவுக்குள்ள டேஷ் அடியில புகை, டப்புன்னு இன்ஜின் ஆஃப். வைப்பர் மட்டும் நின்னா பரவால்ல, வண்டியே நின்னுருச்சு பாருங்க, அதுவும் வளைவுல, மேல இருந்து பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே இறங்குது, பனியில நாலடிக்கு அங்கிட்டு ஒன்னும் தெரியல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வீட்டுக்காரம்மாவ ஓரமா இறக்கி விட்டுட்டு, மாமா டார்ச்சை எடுத்துக்கிட்டு பின்னாடி போயி நின்னாரு, நான் டயருக்கு கல்லு வச்சு பேட்டரி டெர்மினலைக் கழட்டினேன். கை நடுங்குச்சு, சும்மா சொல்லக்கூடாது.

எஸ்டேட் பிக்கப் ஓட்டிட்டு வந்த தம்பி ஒருத்தரு நிறுத்தினாரு. அவரு பேரு கூட கேக்கல நான். கருகின ஒயரையெல்லாம் தனியா பிரிச்சு டேப் சுத்தி, பேட்டரியில இருந்து நேரா காயிலுக்கு (இன்ஜினுக்குப் பொறி குடுக்கிறது அதுதான்) ஒரு ஒயரு இழுத்துக் குடுத்தாரு, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு. வைப்பருக்கு என்ன பண்றதுன்னு முழிச்சேன், பாக்கெட்டுல இருந்து ரெண்டு பீடிய எடுத்து உடைச்சு அந்தத் தூளை ஈரக் கண்ணாடியில நல்லா தேச்சு விட்டாரு. தண்ணி முத்து முத்தா நிக்காம அப்படியே வழிஞ்சு ஓடுது. எங்க தாத்தா காலத்து வைத்தியம், கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால அன்னைக்குத்தான் பாத்தேன். அதை நம்பி ஊர்ந்துக்கிட்டே மேல போய்ச் சேந்தோம்.

மறுவாரம் பெரியவர் கடை திறந்துட்டாரு. டேஷ் அடியில தலைய விட்டுப் பாத்துட்டு முதல்ல சிரிச்சாரு, அப்புறம் கோவம் வந்துருச்சு அவருக்கு. மாட்டியிருந்தது புது கிட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, பழைய மாருதி ஆம்னி வேன் மோட்டர், மேல வெள்ளி ஸ்ப்ரே அடிச்சிருக்கான். அந்த மோட்டருக்கு அஞ்சு ஒயரு, லோ, ஹை, ரெண்டு பார்க் (ஆஃப் பண்ணினா கையைக் கீழ படுக்க வைக்கிறது), எர்த்து. அதுல எர்த்தையும் ஹையையும் மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை டேப் சுத்தி உள்ள சொருகிட்டான். அதான் ஸ்பீடும் மாறல, ஆஃப் பண்ணினா கீழயும் படுக்கல. மோட்டரை உக்கார வைக்க கவுல்ல, அதான் கண்ணாடிக்குக் கீழ இருக்க தகடு, புதுசா ரெண்டு ஓட்டை போட்டு, சீலன்ட் கூட வைக்கல, மாமா வேட்டிக்கு தண்ணி வந்த வழி அது.

ஆனா இதெல்லாம் சும்மா, உசுருக்கு உலை வச்சது கரண்ட்டு எடுத்த இடம். லூகாஸ் ஒயரிங்ல கலருக்கு கணக்கு உண்டுன்னு பெரியவர் எனக்கு உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாரு. சாவி போட்டதும் கரண்ட் வர்ற வெள்ளை ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது, அதுதான் காயிலுக்கும் போகுது. ஃபியூஸ் தாண்டி வெளிய வர்றது பச்சை ஒயரு, வைப்பரு அதுல இருந்துதான் எடுக்கணும். இந்த மகராசன் கைக்கு எட்டுச்சுன்னு வெள்ளையில சொருகிட்டான், அதுவும் ரேடியோவுக்குப் போடுற மாதிரி மெல்லிசான ஒயரு. பிளேடு முட்டி மோட்டர் திணற, ஒயரு சூடாகி, உருகி, பாடியில பட்டு ஷார்ட் ஆகி, அப்ப காயிலுக்கு எங்க இருந்து கரண்ட்டு வரும்? இன்ஜின் நின்ன கதை இதுதான். பச்சையில இருந்திருந்தா ஒரு ஃபியூஸ் போயிருக்கும், வைப்பர் மட்டும் நின்னிருக்கும், அவ்வளவுதான்.

சரி, முதல்ல இருந்த கோளாறு என்னன்னு கேட்டேன். அதைச் சொன்னப்பதான் வயிறு எரிஞ்சுச்சு. பழைய லூகாஸ்ல மோட்டர்ல இருந்து ஒரு குழாய்க்குள்ள ஸ்க்ரூ மாதிரி சுத்தின கேபிள் போகும், ரேக்குன்னு சொல்வாங்க, அது முன்னும் பின்னும் போக, ரெண்டு பக்கமும் இருக்க வீல்பாக்ஸ் பல்சக்கரம் திரும்பி கையை ஆட்டும். அதுக்குள்ள போட்ட கிரீஸ் வருஷக்கணக்குல காஞ்சு புளியங்கொட்டை மாதிரி ஆயிரும், மோட்டர் இழுக்க முடியாம திணறும். ரேக்கை உருவி மண்ணெண்ணெயில கழுவி புது கிரீஸ் வச்சு, கார்பன் பிரஷ்ஷையும் எர்த்தையும் சுத்தம் பண்ணினா தீந்துச்சு. பல்லு தேஞ்சிருந்தா கூட கவலை இல்ல, அந்த சக்கரத்துல பாதிப் பக்கம்தான் வேலை செய்யும், அப்படியே திருப்பி மாட்டினா தேயாத பக்கம் வந்துரும். மொத்தமா 500 ரூவா ஆயிருக்கும்ன்னாரு. நான் குடுத்தது 9,500.

பழைய மோட்டரைக் கேட்டு அந்த பைபாஸ் கடைக்குப் போனேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சேங்ணா"ன்னான். கேக்காம எப்படிய்யா போடுவன்னு சத்தம் போட்டதும், உள்ள போயி ஒரு மோட்டரைக் கொண்டாந்து இந்தாங்க உங்களதுன்னு குடுத்தான். என்னுது இல்ல. என் மோட்டர் மூடியில 66ன்னு அடிச்சிருக்கும், இதுல 81. ரேக்கும் வீல்பாக்ஸும் பத்தி வாயே தொறக்கல. ஓடுற நிலைமையில இருக்க பழைய லூகாஸ் செட்டுக்கு வெளிய நல்ல காசு குடுக்க ஆளு இருக்கு, 'பார்ட்ஸே வராது'ன்னு அவன் சொன்னதோட அர்த்தம் எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்னு ஒரு வக்கீல் நண்பர் சொல்றாரு, 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் கிடையாதாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். கையில இருக்கது 4,000 ஜிபே ரசீதும் துண்டுச்சீட்டும்தான். உருகின ஒயரை எடுத்து வச்சிருக்கேன், போட்டோ எடுத்திருக்கேன், பாக்கலாம்.

சென்னை புதுப்பேட்டையில தேடி 2,800க்கு மோட்டர், ரேக், வீல்பாக்ஸ் எல்லாம் சேந்த பழைய செட்டு ஒன்னு கிடைச்சுது, பெரியவர் கழுவி மாட்டிக் குடுத்தாரு, அதே ஒரே ஸ்பீடுதான், ஆனா ஜம்முன்னு ஓடுது. ரினியூவலும் முடிஞ்சுது. வேலை முடிஞ்சதும் அவரே ஒரு குவளை தண்ணிய ஊத்தி ஓட்டிக் காட்டினாரு, அப்புறம் ஃபியூஸைப் பிடுங்கி வைப்பர் நிக்குதா பாருன்னாரு, நின்னுச்சு. நீங்க எந்தக் கடையில வேலை பாத்தாலும் இந்த ரெண்டையும் உங்க கண்ணு முன்னாடி செய்யச் சொல்லுங்க, வண்டிய விடும்போதே பழைய பார்ட்ஸை போட்டோ எடுத்துட்டு "எல்லாம் சாக்குல கட்டி திருப்பிக் குடுக்கணும்"னு சொல்லிருங்க.

அந்த 81 மோட்டரு எங்க வீட்டு பரண்ல கிடக்கு, அதுவும் எவன் வண்டியில இருந்து கழட்டினதோ. என் மோட்டருல 66ன்னு அடிச்சதுக்குப் பக்கத்துல மூடி ஓரமா பச்சை பெயிண்ட் ஒரு பொட்டு இருக்கும், அப்பா கேட்டுக்கு அடிச்ச மிச்சத்துல வச்ச அடையாளம். எங்கயாச்சும் விலைக்கு வந்து கண்ணுல பட்டா ஒரு மெசேஜ் போடுங்க.