பழைய திங்க்பேட் டி480: கல்லூரிக்குப் போதுமா?

அக்கா மகளுக்கு இந்த வருஷம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்தது. லேப்டாப்புக்கு இருபத்தைந்தாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்தக் காசுக்குப் புதிதாக என்ன வரும் என்பது கல்லூரி லேபில் வேலை பார்க்கிற எனக்குத் தெரியும். செலரான் பிராசஸர், போர்டோடு சால்டர் செய்த, மாற்றவே முடியாத ராம், தொட்டால் ஆடுகிற கீல். ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்க விட்டுவிட்டு டீ குடித்து வரலாம். அதனால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் லெனோவா திங்க்பேட் டி480 ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினோம்.

2018-ல் வந்த மாடல் இது. கம்பெனிகள் மொத்தமாக எடுத்து, சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகிற ரகம். சந்தையில் இவ்வளவு கிடைப்பது அதனால்தான். எங்களுடையது ஐ5-8350யூ என்கிற எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 21,500 ரூபாய், கடை வாரண்டி ஆறு மாதம். "மாமா, இது அப்பா ஆபீஸ் லேப்டாப் மாதிரி இருக்கு" என்று அவள் முகம் சுளித்தாள். உண்மைதான், கறுப்புச் செங்கல்.

எட்டாம் தலைமுறை பிராசஸரைப் பிடிவாதமாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். டி470 விலை குறைவு என்று காட்டுவார்கள்; அது ஏழாம் தலைமுறை, விட்டுவிடுங்கள். டி480எஸ் என்று ஒல்லியாக ஒன்றையும் நீட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதில் ராமில் ஒரு பகுதி போர்டிலேயே ஒட்டியது, கழற்றுகிற பேட்டரியும் கிடையாது.

எனக்கு டி480 பிடித்ததே இந்த இரண்டு விஷயத்தில்தான். ராமுக்கு இரண்டு ஸ்லாட். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வருகிற செட்டிங்ஸ் பக்கத்தில், உள் பேட்டரியை அணைத்துவிட்டு அடிமூடியைத் திறந்தேன். திருகுகள் கழன்று கீழே உருளாமல் மூடியிலேயே நிற்கின்றன. வேலை தெரிந்தவன் யோசித்து வைத்தது. காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டதும் 16 ஆகிவிட்டது. பேட்டரியும் இரண்டு. உள்ளே ஒன்று நிலையாக இருக்கும், பின்னால் ஒன்றைக் கழற்றலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியை உருவிக் காட்டினேன். அணையவில்லை, உள் பேட்டரியில் அப்படியே ஓடியது. அப்போதுதான் அக்கா மகள் முதல்முறையாக "ஓ" என்றாள். நாலு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட் இருக்கிற ஹாஸ்டலில் இது பெரிய வசதி.

கடையில் வெளிக்கீறலைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆன் செய்ததும் எஃப்1 அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, முறைப்படி எடுக்க வேண்டுமென்றால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அடுத்து, கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரு வரி அடித்தால் விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும்), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது எவ்வளவு கொள்கிறது) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலில் பார்த்த கடையில் "பேட்டரி புதுசு சார்" என்றார்கள், ரிப்போர்ட்டில் பாதிகூட மிச்சமில்லை. காட்டியதும் விலையில் ஆயிரம் குறைக்கிறேன் என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

குறை இல்லாமலா? திரை மங்கல். வெளிச்சம் 250 நிட்ஸ்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டும். இதிலேயே 1366 x 768 திரை வைத்ததும் விற்கிறார்கள், புரோகிராம் எழுதுகிற பிள்ளைக்கு அது கொடுமை. ஃபுல் ஹெச்டி என்று கேட்டு, செட்டிங்ஸில் பார்த்து வாங்குங்கள். கேமரா 720பி, ஆன்லைன் இன்டர்வியூவுக்கு ஒப்பேற்றலாம். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இன்னொன்று, இந்த மாடலின் தண்டர்போல்ட் போர்ட்டில் (டைப்-சி வடிவத்தில் இருப்பது) ஃபர்ம்வேர், அதாவது உள் மென்பொருள், கோளாறு ஒன்று ஊரறிந்தது, அப்டேட் செய்யாமல் விட்டால் டைப்-சி போர்ட் படுத்துவிடலாம். லெனோவா அதற்கான அப்டேட்டைக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் போட்டேன்.

கீபோர்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. விலை மூன்று மடங்கு இருக்கிற புது லேப்டாப்பிலும் இந்த அழுத்தம் கிடைக்காது. நடுவில் மவுஸ் மாதிரி கர்சரை நகர்த்த இருக்கிற சிவப்புக் குமிழை அவள் இன்னும் தொடவே இல்லை.

சி, பைத்தான், ஜாவா, விஎஸ் கோடு, கொஞ்சம் மேட்லேப் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆர்க்கிடெக்சர், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங்கை சொந்த மெஷினிலேயே ஓட்டுவது என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதற்கு இந்த பட்ஜெட்டும் போதாது, இந்த மெஷினும் போதாது.